சின்ன உடல் கிட்டார் வாங்கியதும் பேஸ் எங்கே போனது?

நம் டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. இத்தனை காலமும் ட்ரெட்நாட் வகைப் பெரிய கிட்டார் வாசித்தவர். ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க் போனபோது ஒருவரிடமிருந்து ட்ரிப்பிள்-ஓ அளவுச் சின்ன கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி டர்பனுக்குக் கொண்டுவந்திருக்கிறார். முழுமர ஸ்ப்ரூஸ் முன்பலகை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பேஸ் (தடித்த கம்பிகளின் கனத்த அடிக்குரல்) போதவில்லை, பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கிறது, வாங்கிய அன்று விரலுக்கு இதமாக இருந்த கம்பிகள் இப்போது உயர்ந்துவிட்டன, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் முதல் இரண்டில் சுருதி ஏறிப்போகிறது. “ஏமாந்துவிட்டேனா அண்ணா? 13 கேஜ் தடித்த கம்பி போட்டால் பேஸ் வருமா? பழைய ட்ரெட்நாட்டை விற்றுவிடலாமா?” என்கிறார்.

ஏமாறவில்லை, தம்பி. 13 போடவும் வேண்டாம். விற்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் அடுக்கிய குறைகளில் பாதி கிட்டாரைப் பற்றியதே அல்ல, நம் ஊர்க் காற்றைப் பற்றியது. மீதியில் பெரும்பங்கு உங்கள் வலது கையைப் பற்றியது. கிட்டாரின் உண்மையான குணம் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான், அதுவும் குறை இல்லை.

காற்றை முதலில் பார்ப்போம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழை கோடையில்தான். குளிர்காலம் முழுக்க வறண்ட காற்று, ஆகஸ்டில் உதடு வெடிக்கும். நம் டர்பனோ இந்தியப் பெருங்கடலின் ஓரம், துணி காயவே யோசிக்கிற ஊர். முழுமரக் கிட்டாரின் முன்பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும், திருப்பிக் கொடுக்கும். குடிக்கும்போது மரம் நார்களுக்குக் குறுக்கே அகலமாகிறது. பக்கவாட்டில் விளிம்போடு ஒட்டியிருப்பதால் அகலத்துக்கு வழியில்லாமல் நடுவில் மேலே புடைக்கிறது. புடைப்பின் மேல் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறது, பிரிட்ஜோடு அதில் கம்பிகளைத் தாங்கும் சேடிலும் ஏறுகிறது, கம்பியும் ஏறுகிறது. உங்கள் கம்பி உயர்ந்த கதை இவ்வளவுதான். அங்கே காய்ந்துபோய்த் தாழ்ந்திருந்தபோது நீங்கள் வாங்கினீர்கள், இங்கே வந்து அது மூச்சு விட்டுக்கொண்டது. அன்று இதமாக இருந்ததே ஒருவேளை அளவுக்கு மீறிக் காய்ந்த நிலையாக இருந்திருக்கலாம். ஈரம் ஏறிய மரம் கனமாகிறது, அதிர்வை விழுங்கவும் செய்கிறது. ஒலி மந்தமாகி, பெட்டிக்குள் அடைத்ததுபோலத் தோன்றுவதில் அதற்கும் பங்கு உண்டு.

இதைச் சோதிக்கக் கடைக்குப் போக வேண்டாம். நேரான ஓர் இரும்பு அளவுகோலைப் பிரிட்ஜுக்குப் பின்னால், உடலின் குறுக்காக வையுங்கள். நடு கொஞ்சம் மேடாக இருந்து இரு ஓரமும் சற்றே இடைவெளி தெரிந்தால் சரி, பெரும்பாலான கிட்டார்களை அப்படி லேசான வளைவோடுதான் கட்டுகிறார்கள். ஓரத்தில் இடைவெளி நிறையத் தெரிந்தால் ஈரம் அதிகம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் காய்ந்துவிட்டது. ஃப்ரெட்களின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். காய்ந்த கிட்டாரில் கழுத்துப் பலகை சுருங்கி, உலோக முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். இங்கே வந்தபின் அவை மறைந்திருக்கும்.

காற்றின் ஈரத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிக் கேஸுக்குள் போடுங்கள். மலிவு டிஜிட்டல் மீட்டர்கள் கூசாமல் பொய் சொல்லும், அதனால் நம்புவதற்கு முன் ஒரு சோதனை: சின்ன மூடியில் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரக் குழம்பாக்கி (கரையக் கூடாது), மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து கூட்டிச் சொல்கிறது, கழித்துக்கொள்ளுங்கள். கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 வரை. அறைக் காற்றை அங்கே கொண்டுவர முடியாது, கேஸுக்குள் கொண்டுவர முடியும். ஈரத்தைக் கொடுக்கவும் இழுக்கவும் தெரிந்த இருவழிப் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். தண்ணீரில் நனைத்து வைக்கும் பஞ்சு வகை ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்கு உதவும், நமக்கு உபத்திரவம். வாசிக்காத நேரத்தில் கிட்டார் சுவரில் தொங்கக் கூடாது, கேஸில் மூடி இருக்க வேண்டும். சுவரில் அழகாகத்தான் இருக்கும், என்ன செய்வது.

இதற்கிடையில் சேடிலைத் தேய்க்கும் ஆசை வரும். அடக்குங்கள். கேஸுக்குள் சில வாரம் ஐம்பதை ஒட்டி இருந்தபின் அளந்து பாருங்கள்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தடித்த இ கம்பியின் அடிவரை 2.4 மில்லிமீட்டர், மெல்லிய இ கம்பிக்கு 1.6 அல்லது 1.8. இந்த அளவுக்கு மேல் இருந்தால் அப்போது தேய்க்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். எடுத்ததை ஒட்ட முடியாது. அதனால் பழைய சேடிலைத் தொடாமல் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதாக எலும்பில் ஒன்று செய்துகொள்வது என் வழக்கம். உயரமானது ஒன்று, தாழ்ந்தது ஒன்று என இரண்டு இருந்தால் டிசம்பர் புழுக்கத்துக்கும் ஜூலை வறட்சிக்கும் மாற்றிக்கொள்ளலாம். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைத் திருகி, கம்பியின் உயரமாகிய ஆக்‌ஷனைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அது கழுத்தின் வளைவுக்கு. முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட் அருகே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், அதைச் சரிசெய்யத்தான் அந்தத் திருகாணி.

முதல் ஃப்ரெட்களில் சுருதி ஏறுவதற்கு, கழுத்தின் உச்சியில் கம்பிகள் படியும் பள்ளமிட்ட துண்டான நட்டைப் பாருங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். தலைமுடி நுழையும் அளவு போதும். அதைவிட நிறைய இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் குறைவு, அதற்கான அரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இடைவெளி சரியாக இருந்தும் சுருதி ஏறினால் காரணம் உங்கள் இடது கை. ட்ரெட்நாட்டில் அழுத்திப் பழகிய விரல், தளர்வான கம்பியை வேண்டியதற்கு மேல் அமுக்கி இழுத்துவிடுகிறது.

கம்பி ஏன் தளர்வு என்றால், ட்ரிப்பிள்-ஓவின் வழக்கமான கம்பி நீளம் 632 மில்லிமீட்டர், ட்ரெட்நாட்டில் 645. அதே கம்பியை அதே சுருதிக்குக் கூட்ட நீளத்தின் இருமடிக்கு ஏற்ற இழுவிசை வேண்டும், எனவே சின்னதில் ஏறத்தாழ நான்கு சதவீதம் இழுவிசை குறைவு. எண்ணாகப் பார்த்தால் அற்பம், விரலுக்குத் தெரியும். கமகம் மாதிரி கம்பியை வளைத்து வாசிப்பவர்களுக்கு இது கொண்டாட்டம்.

இப்போது உடல். நீங்கள் சின்னது என்று சொல்லும் இந்த அளவை அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளரான மார்ட்டின் கம்பெனி 1902இல் அறிமுகம் செய்தபோது அதுதான் அவர்களின் பெரிய கிட்டார். ட்ரெட்நாட் 1916இல் டிட்சன் என்ற கடைக்காக முதலில் செய்யப்பட்டு, 1931இல்தான் மார்ட்டின் பெயரிலேயே வந்தது. பாடகர்களுக்குப் பக்கபலமாக நின்று கோர்டு அடிக்கப் பெரிய உடல் வசதியாக இருந்ததால் அதுவே எல்லோருக்கும் அளவுகோலாகிவிட்டது. நம் காதும் அதற்குப் பழகி, அதில் இருப்பதைச் சாதாரணம் என்றும் மற்றதில் இல்லாததைக் குறை என்றும் எடுத்துக்கொள்கிறது. அளவுகளைப் பாருங்கள்: அடிப்பகுதி அகலம் ட்ரெட்நாட்டில் 397 மில்லிமீட்டர், ட்ரிப்பிள்-ஓவில் 381. வித்தியாசம் விரல் அகலம்கூட இல்லை. ஆனால் ஆழம் 124க்கு 105, இடுப்பும் ஒடுக்கம். உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் அளவுதான் பேஸைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு எடுக்கிறது. ட்ரெட்நாட்டின் காற்றறை 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும், அதாவது தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் ஜி ஸ்வரத்துக்குப் பக்கத்தில். சின்ன உடலில் அந்த இடம் இன்னும் மேலே போய்விடும். தடித்த இ கம்பியோ 82 ஹெர்ட்ஸ். அதற்கு உடலிலிருந்து உதவி குறைவு. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேல்சுரங்களை, அடிச் சுரத்தைக் காது தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

இதில் 13 கேஜ் என்ன செய்யும்? காற்றறையைப் பெரிதாக்காது. முன்பலகையை இன்னும் இழுத்து, ஈரத்தில் ஏற்கெனவே புடைத்திருப்பதை மேலும் புடைக்க வைக்கும், பிரிட்ஜ் பசைக்கும் ஆபத்து. 12-53 (மிக மெல்லிய கம்பி 12, மிகத் தடித்தது 53) போதும், இந்த உடலுக்கு 11-52கூட அருமையாகப் பேசும். பாஸ்பர் பிரான்ஸ் உலோகக் கம்பி எடுங்கள், 80/20 பிரான்ஸைவிட அடியில் கொஞ்சம் இளகிய சூடு கிடைக்கும். கடற்கரையிலிருந்து வரும் உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் செத்துப்போகும், அதனால் பூச்சுப் போட்ட கம்பிக்குக் கூடுதல் ராண்ட் கொடுப்பது நம் ஊரில் ஆடம்பரம் இல்லை. அப்புறம் ஒன்று, பழையதாக வாங்கியதில் பழைய கம்பிதான் இன்னும் இருக்கிறதா? அப்படியானால் ஒலியைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் முதலில் மாற்றுங்கள்.

அடுத்தது வலது கை. உங்கள் பதிவைக் கேட்காமலே சொல்கிறேன்: பேஸ் வரவில்லை என்று இன்னும் பலமாக அடிக்கிறீர்கள். பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். சின்ன உடல் லேசான தொடுதலுக்கே முழுக் குரலில் பேசிவிடும். அதற்கு மேல் அடித்தால் சத்தம் கூடாது, நசுங்கும், கம்பி ஃப்ரெட்டில் படபடக்கும். கம்பி மீட்டும் தடித்த பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் வாசியுங்கள். பிரிட்ஜ் அருகே இருக்கும் கையை ஒலித்துளைக்கும் கழுத்துக்கும் நடுவில் கொண்டுவாருங்கள், தேடிய பேஸில் ஒரு பங்கு அங்கேயே இருக்கும். கட்டைவிரலின் சதை தடித்த கம்பிக்கு, மற்ற விரல்களின் நுனி மெல்லிய கம்பிகளுக்கு. ட்ரெட்நாட்டில் பேஸின் நீண்ட ஒலி மேலே ஓடும் மெட்டை மூடிக்கொண்டே இருக்கும், இங்கே ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். இதுதான் சின்ன கிட்டாரின் சொத்து, இதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். வாசிப்பவர் காதுக்கு எந்தக் கிட்டாரும் முழு ஒலியைத் தராது, ஒலி முன்னால் போகிறது. நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து கேளுங்கள். ஆள் இல்லையென்றால் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள், திரும்பி வரும் ஒலியில் உண்மை தெரியும். லோட் ஷெடிங் எனும் மின்வெட்டு ராத்திரிகளில் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் அடங்கியபின் இந்தக் கிட்டாரைக் கேட்டவர்களுக்கு அதன் அளவு சின்னது என்றே தோன்றாது. மின்சாரக் கம்பெனி எஸ்காமுக்கு நன்றி சொல்ல இது ஒன்றாவது இருந்தது.

இந்தக் கை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க அமெரிக்க வீடியோக்களைத் தேடிப் போக வேண்டாம். நாம் இருப்பது குவாசூலு-நடால். மஸ்கண்டா இங்கே பிறந்த கிட்டார் மரபு. ஊர்விட்டு ஊர் போய் வேலை செய்த சூலு இளைஞர்கள் மலிவான கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசித்து வளர்த்தது. கட்டைவிரல் பேஸில் ஒரு வரி ஓட்ட, ஆள்காட்டி விரல் மேலே இன்னொரு வரி பின்னும், அதற்கு உகுபிகா என்று பெயர். பாட்டுக்கு முன்னால் இசிஹ்லாபோ என்று ஒரு வேகமான முன்னோட்டம் வரும், நம் ஆட்களுக்கு அதைக் கேட்டால் ஆலாபனை ஞாபகம் வரும், வேகம்தான் வேறு. புசுஷுகேலா என்று அழைக்கப்பட்ட ஜான் பெங்குவும் ஷியானி ங்கோபோவும் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். பலர் மெல்லிய இ கம்பியை டி வரை இறக்கிக் கூட்டுவார்கள். உங்கள் ட்ரிப்பிள்-ஓவில் அப்படி இறக்கி, லேசான கையோடு கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். பேஸ் ஆழமாக இல்லை என்ற புகார் மறந்துபோகும், ஏனென்றால் அந்த இசைக்கு வேண்டியது தெளிவாக நடக்கும் பேஸ்.

அந்தக் காலத்து மலிவுக் கிட்டார்களில் தென்னாப்பிரிக்கக் கேலோ கம்பெனியின் கேலோடோன் ஒன்று. ஜான் லெனன் 1957இல் வாசித்த கேலோடோன் சாம்பியன் இந்த நாட்டில் செய்த சின்ன உடல் கிட்டார்தான். பிளவுபடாது என்ற உத்தரவாதம் உள்ளே ஒட்டியிருக்கும். 1999இல் அது லண்டன் ஏலத்தில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் போனது. யாராவது தாத்தா வீட்டு கராஜில் கேலோடோன் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன், வாசிக்க உகந்தது என்று அல்ல. கழுத்து பெரும்பாலும் வளைந்திருக்கும்.

பஜனைக்கு இந்தக் கிட்டார் ஆகுமா என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரட்டாசி வருகிறது, சனிக்கிழமைகளில் உங்களை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஹார்மோனியம், டோலக், தாளம், இருபது பேர் குரல் என்று சேர்ந்தால் மைக் இல்லாமல் சின்ன கிட்டார் காணாமல் போகும். அதன் பலம் நடு ஸ்தாயி, ஹார்மோனியம் உட்கார்ந்திருப்பதும் அதே இடம். அங்கே போட்டி போட்டு அடிக்காதீர்கள். கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேபோ போட்டு மேலே ஏறிவிடுங்கள். ஹார்மோனியக்காரர் ஒன்றரைக் கட்டை என்றால் நான்காவது ஃப்ரெட்டில் கேபோ, ஏ கோர்டு வடிவம். நான்கரைக் கட்டைக்கு அதே நான்காவது ஃப்ரெட்டில் டி வடிவம். ஐந்தரைக்கு இ வடிவம். கேபோவை நகர்த்தாமலே மூன்று சுருதி கிடைக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அடிக்காமல் தாளத்தின் இடைவெளிகளில் கம்பிகளைத் தனித்தனியாக விட்டால் ஹார்மோனியத்தின் நீண்ட ஒலிக்கு மேல் அது மணிமணியாகக் கேட்கும். டியூனர் பொது அளவான 440 ஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று கூட்டிவிட்டு உட்காராதீர்கள், கோவில் ஹார்மோனியங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. முதலில் அதன் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கச் சொல்லி அதற்குக் கூட்டுங்கள். கேபோவை லேசாக இறுக்குங்கள், தளர்வான கம்பி கேபோவின் அழுத்தத்திலும் சுருதி ஏறும்.

ஜோஹன்னஸ்பர்க் போய் வரும்போது கிட்டாரைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டு வழியில் சாப்பிட இறங்காதீர்கள். வெயிலில் நின்ற காரின் சூட்டில் பிரிட்ஜ் பசை இளகும். போய்ச் சேர்ந்ததும் கேஸை உடனே திறக்காமல் ஒரு ராத்திரி விட்டுத் திறங்கள். குளிர்காலத்தில் அங்கே தங்குவதாக இருந்தால் பாக்கெட்டுகளும் அந்த உயரமான சேடிலும் கூடவே வரட்டும்.

ட்ரெட்நாட்டை விற்பது பற்றி: இப்போது வேண்டாம். புதுக் கிட்டார் இன்னும் நம் ஊர்க் காற்றுக்குப் பழகவே இல்லை, சேடில் தேய்க்கவில்லை, கம்பி மாற்றவில்லை. இந்த நிலையில் இரண்டையும் ஒப்பிட்டு எடுக்கும் முடிவு எதுவும் நிற்காது. புரட்டாசி பஜனைகளுக்குப் பெரியதையே கொண்டுபோங்கள், வீட்டில் சின்னதை வாசியுங்கள். டிசம்பர் புழுக்கம் ஒன்றையும் தாண்டியபின், பெரியதைக் கேஸிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை என்றால் அப்போது விலை பேசலாம். பஜனைக் கோஷ்டியிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது, தேவைப்படும்போது இரவல் கேட்கலாம்.